கதவைத் தூக்குவது யார்?

வட அமெரிக்காவின் புறநகர் வீடுகளில், தெருவைப் பார்த்த முகப்பின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்பது மோட்டார் வண்டிகளை நிறுத்தும் கொட்டகையின் கதவுதான். கராஜ் என்று அங்கே குடியேறிய தமிழரும் சொல்லிப் பழகிவிட்ட அந்தக் கொட்டகைக்கு, இரண்டு கார்கள் அருகருகே நுழையத்தக்கதாக 16 அடி அகலமும் 7 அடி உயரமும் கொண்ட இரும்புத் தகட்டுக் கதவு ஒன்று இருக்கும். 60 கிலோவிலிருந்து 100 கிலோ வரைக்கும் நிறையுள்ள அக்கதவை, மேலே தொங்கும் மோட்டாரோடு அதற்குள்ள பிணைப்பை விடுவித்துவிட்டால், பள்ளிக்கூடம் போகும் சிறுமி ஒருத்தி ஒற்றைக் கையால் இடுப்பளவு உயர்த்திவிடலாம். உயர்த்திய இடத்திலேயே கையை எடுத்துவிட்டால், அது கீழே விழாமலும் மேலே ஏறாமலும் அந்தரத்தில் நின்றுகொண்டிருக்கும். அதே கதவை, வேறொரு நாள், திடகாத்திரமான ஆடவர் இருவர் மூச்சைப் பிடித்துத் தூக்கினாலொழிய அசைக்க முடியாமற் போவதும் உண்டு. கதவின் நிறை இடையில் குன்றிமணி அளவும் மாறவில்லை. மோட்டாரோ இரண்டு நாளிலும் இந்த விவகாரத்தில் சம்பந்தப்படவே இல்லை. அப்படியானால், முதல் நாளில் அந்தக் கதவைத் தூக்கியது யார்?

கதவு திறக்கும் யந்திரம் பழுதுபட்டுவிட்டது, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டவேண்டும் என்று தீர்மானிக்கும் வீட்டுக்காரர், கடைக்குப் புறப்படும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே. பெரும்பாலோர் கேட்பதில்லை. மோட்டார் முனகுகிறது, கதவு எழும்பவில்லை. ஆகவே மோட்டாருக்குப் பலம் போய்விட்டது. ஆகவே இன்னும் பலமான மோட்டார் வேண்டும் என்று அவர்கள் தர்க்கம் செய்கிறார்கள். தர்க்கம் நேராகத்தான் இருக்கிறது. அதன் அஸ்திவாரம்தான் கோணல்.

சரித்திரமே இதற்குச் சாட்சி சொல்லும். 1921-இல் ஸி. ஜி. ஜான்ஸன் என்ற அமெரிக்கர், வெளிப்புறமாக விரியும் பழைய இரட்டைக் கதவுக்குப் பதிலாக, கதவைப் படுக்கைவாட்டில் பல பலகைகளாகப் பகுத்து, அவற்றைக் கீல்களால் இணைத்து, ஓரங்களில் சிறு உருளைகள் பொருத்தி, இருபுறமும் அமைந்த வளைந்த இரும்புத் தடங்களின் வழியே மேலேறிக் கூரைக்கடியில் படுத்துக்கொள்ளும்படி ஒரு கதவைச் செய்தார். மின்சாரத்தால் அதைத் திறக்கும் யந்திரத்தை அவர் செய்தது 1926-இல்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளும் அக்கதவுகளை மனிதர்கள் கையாலேயே, அதுவும் அதிகப் பிரயாசையின்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள் என்றால், தூக்குகிற காரியம் மோட்டார் பிறப்பதற்கு முன்பே தீர்ந்துபோன காரியம் என்றுதானே கொள்ளவேண்டும்?

கிணற்றுத் துலாவைப் பார்த்திருப்பவர்களுக்கு இதன் முற்பாதி எளிதில் விளங்கும். நீண்ட மரத்தின் ஒரு நுனியில் வாளி தொங்க, மறுமுனையில் கனத்த கல்லைக் கட்டி வைப்பார்கள். நிறைந்த வாளி மேலே வரும்போது அதன் பாரத்தில் பெரும்பங்கைக் கல்லே ஏற்றுக்கொள்வதால், இறைப்பவர் கொடுக்க வேண்டியது இரண்டு பாரங்களுக்கும் இடையில் மீந்து நிற்கும் சிறு வித்தியாசத்துக்கான பலத்தை மட்டுமே. ஒரு பாரத்துக்கு எதிரே இன்னொன்றை நிறுத்தி இரண்டையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கச் செய்துவிட்டு, நாம் நடுவில் புகுந்து விரலால் நகர்த்திக்கொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு எதிர்ச்சமன் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஆனால் கராஜ் கதவுக்குக் கல் மட்டும் கட்டினால் போதாது. ஏனெனில், வாளியின் பாரம் கிணற்றின் அடியிலும் விளிம்பிலும் ஏறக்குறைய ஒன்றே. கதவின் பாரமோ ஏற ஏறக் குறைந்துகொண்டே போகிறது. மூடியிருக்கும் கதவு முழுவதும் கம்பிவடத்தில் தொங்குகிறது. சற்று உயர்ந்ததும் மேற்பலகை வளைவைத் தாண்டிப் படுக்கைத் தடத்தில் சாய்ந்துகொள்ள, அந்தப் பலகையின் நிறையைத் தடம் வாங்கிக்கொள்கிறது. பாதி ஏறியதும் பாதிக் கதவே தொங்குகிறது. முழுதும் திறந்தபின் தொங்குவதற்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கதவு தரையில் இருக்கையில் சரியாக ஈடுகொடுக்கும் கல், அது உச்சிக்குப் போகும் வேளையில் அதைப் பலமாக இழுத்துச் சுவரில் மோதிவிடும். நமக்கு வேண்டியது, கதவு ஏற ஏறத் தானும் அதே கணக்கில் களைத்துப் போகிற ஓர் எதிராளி.

அந்த எதிராளி முறுக்கு ஸ்பிரிங். கதவுக்கு மேலே, சுவரை ஒட்டிக் குறுக்கே ஓர் இரும்புத் தண்டு செல்கிறது. அதன் நடுவில் ஒன்றிரண்டு தடித்த கம்பிச்சுருள்கள் கோத்திருக்கின்றன. தண்டின் இரு முனைகளிலும் கம்பிவடம் சுற்றும் உருளிகள். அவ்வடங்களின் மறுநுனிகள் கதவின் அடிமூலைகளில் மாட்டப்பட்டிருக்கின்றன. கதவு இறங்கும்போது வடம் அவிழ்ந்து தண்டைச் சுழற்ற, ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. கதவு மூடிய நிலையில் முறுக்கு உச்சத்தில் இருக்கும். திறக்கத் திறக்க அது தளரும். ஏழடிக் கதவுக்கு வழக்கமாக வைப்பது ஏழரைச் சுற்று முறுக்கு. உருளியின் சுற்றளவு ஓரடிக்குச் சற்று அதிகமாகையால், கதவு ஏழடி ஏறுவதற்குள் ஏழுக்குச் சற்றுக் குறைவான சுற்றுக்களே அவிழ்கின்றன. மீதி முக்கால் சுற்று, கதவு முழுதும் திறந்த பிறகும் வடம் தொய்ந்து உருளியைவிட்டுக் கழன்றுவிடாமல் இழுத்துப் பிடித்துக்கொள்வதற்காக.

ஸ்பிரிங் இவ்வளவு ஒழுங்காகக் களைப்படையும் என்று நமக்கு எப்படித் தெரியும்? லண்டனில் வாழ்ந்த ராபர்ட் ஹூக் என்னும் விஞ்ஞானி பதினேழாம் நூற்றாண்டிலேயே இதைக் கம்பிகளையும் சுருள்களையும் கொண்டு பரீட்சித்துப் பார்த்தார். எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு எதிர்ப்பு. இருமடங்கு நீட்டினால் இருமடங்கு எதிர்ப்பு. முறுக்கினாலும் நியதி அதுவே. தாம் கண்டுபிடித்ததை வேறொருவர் தமதென்று சொல்லிவிடக்கூடாது என்ற கவலையில், 1676-இல் அவர் அந்த விதியை எழுத்துக்களைக் கலைத்து அகர வரிசையில் அடுக்கிய ஒரு புதிராக மட்டும் அச்சிட்டுவிட்டு, 1678-இல்தான் அதன் பொருளை வெளியிட்டார். கதவின் பாரமும் படிப்படியாகக் குறைகிறது, ஸ்பிரிங்கின் முறுக்குவிசையும் படிப்படியாகக் குறைகிறது. இரண்டு சரிவுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. யந்திர சாஸ்திரத்தில் இத்தனை செலவில்லாமல் இத்தனை அழகாக அமைந்த பொருத்தங்கள் மிகுதியாக இல்லை என்பது என் அபிப்பிராயம்.

ஆகவே, மோட்டாரைக் குறை சொல்லுமுன் செய்யவேண்டிய பரீட்சை ஒன்றுண்டு. கதவு மூடியிருக்கும்போது, மோட்டாரின் தடத்திலிருந்து தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துப் பிணைப்பை விடுவித்து, கதவைக் கையால் பாதி உயர்த்திப் பார்க்கவேண்டும். நின்றால் சமன் சரியாயிருக்கிறது. மெல்லச் சரிந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. தானே மேலேறினால் முறுக்கு மிகுதி. தரையைவிட்டு எழும்பவே இல்லையென்றால், ஸ்பிரிங் முறிந்துவிட்டது. முறிந்த ஸ்பிரிங்கை அண்ணாந்து பார்த்தாலே தெரியும்: நெருக்கமாகச் சுற்றிய சுருளின் நடுவே ஓரிரு அங்குல இடைவெளி விழுந்திருக்கும். முறியும்போது வீட்டுக்குள் இருப்பவர்கள் துப்பாக்கி வெடித்ததென்று பயந்து எழுவார்கள்.

அது ஏன் ஒருநாள் முறிகிறது என்பதும் தெரிந்துகொள்ளத்தக்கதே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பிரஷ்ய ரயில் வண்டிகளின் அச்சுக்கள் எந்த விபத்தும் நேராமலே ஓடிக்கொண்டிருக்கும்போது ஒடிந்து விழுவதைக் கண்ட ஆகஸ்ட் வோலர் என்ற பொறியாளர், இரும்புத் துண்டுகளை லட்சக்கணக்கான தடவை வளைத்து நிமிர்த்திப் பார்த்து, ஒருமுறை சுமத்தினால் உலோகத்துக்கு யாதொரு தீங்கும் செய்யாத பாரம், திரும்பத் திரும்பச் சுமத்தினால் அதை முறித்துவிடக்கூடும் என்று ஸ்தாபித்தார். உலோகச் சோர்வு என்று இதைச் சொல்கிறோம். சாதாரணமான கராஜ் ஸ்பிரிங்குகளுக்குத் தயாரிப்பாளர் கூறும் ஆயுள் 10,000 சுற்று. ஏறி இறங்கினால் ஒரு சுற்று. நாளொன்றுக்கு நான்குமுறை கதவைப் பயன்படுத்தும் குடும்பத்தில் அது ஏழு ஆண்டுக்குள் தீரும். தீர்ந்த ஸ்பிரிங்கை வீட்டுக்காரர் தாமே மாற்ற முனைவது உசிதமன்று. ஏழரைச் சுற்று முறுக்கில் அடைபட்டிருக்கும் சக்தி, வளர்ந்த மனிதன் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது வெளிப்படும் சக்திக்குக் குறையாது. அதை ஏற்றவும் இறக்கவும் தேர்ந்தவர்கள் கையாளுவது இரண்டே இரும்புக் கோல்கள். பிடி வழுவினால் அக்கோல் கையையோ முகத்தையோ தாக்கிவிடும்.

இனி மோட்டாருக்கு வருவோம். வழக்கமாக மாட்டும் அரைக் குதிரைத்திறன் மோட்டார், வெறும் திறன் கணக்கைப் பார்த்தால், ஸ்பிரிங் இல்லாமலே கதவைத் தூக்கப் போதுமானதுதான். ஆனால் அந்தப் பலம் கதவுக்குப் போய்ச் சேரும் பாதை அதற்குத் தகுந்ததாக இல்லை. பல ஆண்டுகளாகப் பரவலாக விற்ற சங்கிலி வகை யந்திரங்களின் மூடியைக் கழற்றினால், மோட்டாரின் தண்டில் திருகுபோன்ற ஓர் இரும்புப் புரியும், அதோடு பல் பொருந்திச் சுழலும் வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரமும் கண்ணில் படும். ஸ்பிரிங் தளர்ந்த கதவை மோட்டார் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தால் அந்தச் சக்கரத்தின் பற்கள் மழுங்கித் தேய்ந்து, காரின் மேல் வெள்ளைத் தூளாக உதிரும். பிறகு மோட்டார் சுழலும் சத்தம் கேட்கும், சங்கிலி அசையாது. முன்பே பழுதான ஸ்பிரிங்கை அப்படியே விட்டுவிட்டு யந்திரத்தை மட்டும் மாற்றுகிற வீட்டில், புதிய யந்திரமும் சில மாதங்களில் அதே தூளை உதிர்க்கத் தொடங்குவதில் ஆச்சரியம் இல்லை. ஸ்பிரிங் நன்றாயிருந்து சக்கரம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரத்தை மாத்திரம் வாங்கி மாட்டினால் போதும். அதைச் சொல்வதால் விற்பனையாளருக்கு லாபமில்லை என்பதால் அவர் சொல்வதில்லை.

மோட்டார் பலவீனமாக இருப்பது குறையன்று. வேண்டுமென்றே அவ்வாறு அமைத்ததுதான். எதிர்ச்சமன் சரியாயுள்ள கதவை நகர்த்தச் சில கிலோ விசையே போதும் என்பதால், அந்தச் சில கிலோவுக்கு மேல் எதிர்ப்பு வந்தவுடன் ஏதோ குறுக்கே இருக்கிறது என்று யந்திரம் முடிவுகட்டிக்கொள்ளலாம். கதவின் முழு நிறையையும் தானே சுமக்கும் ராட்சச மோட்டாருக்கு, அடியில் அகப்பட்ட குழந்தையின் எதிர்ப்பு ஒரு பொருட்டாகவே தெரியாது. கடைகளில் அட்டைப்பெட்டியின் மேல் குதிரைத்திறனைக் கொட்டை எழுத்தில் போட்டு, பக்கத்தில் 'சமானம்' என்ற சொல்லைப் பொடி எழுத்தில் போடும் வழக்கத்தின்மேல் எனக்கு நெடுநாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. ஏனெனில் புதிய யந்திரம் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது பலத்தையன்று, எப்போது நிற்கவேண்டும், யார் சொன்னால் கேட்கவேண்டும் என்னும் இரண்டு விவேகங்களை.

யந்திரங்களுக்குள் மற்ற வேற்றுமைகளை விரைவில் சொல்லிவிடலாம். சங்கிலி மலிவு, சத்தம் அதிகம். ரப்பர் பட்டை விலை கூடுதல், மேல்மாடியில் படுக்கையறை இருந்தால் அதற்கு ஈடில்லை. கூரையில் தொங்காமல் சுவரோரமாக ஸ்பிரிங் தண்டையே நேராகத் திருப்பும் வகையும் உண்டு. இப்போதைய யந்திரங்களில் பல நேர்மின்னோட்ட மோட்டாரில் ஓடுவதால், மெல்லத் தொடங்கி மெல்ல முடிப்பதோடு, மின்சாரம் நின்றாலும் பாட்டரியில் இயங்கவல்லவை. 2017 அக்டோபரில் வட கலிபோர்னியாவைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது, மின்சாரம் போனதால் கராஜ் கதவைத் திறக்க முடியாமல் சிலர் உள்ளேயே அகப்பட்டுக்கொண்டனர். அதன் பயனாக, 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலத்தில் விற்கும் ஒவ்வொரு வீட்டு யந்திரத்துக்கும் பாட்டரி கட்டாயமாயிற்று.

நிற்கத் தெரிவதற்கு மிகப் பெரிய விலை கொடுக்கவேண்டியிருந்தது. தானே இறங்கும் கதவின் அடியில் சிக்கிக் குழந்தைகள் மாண்ட சம்பவங்கள் தொடரவே, 1990-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி, 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் யந்திரங்கள், தடை மோதினால் இரண்டு விநாடிக்குள் கதவைத் திருப்பி ஏற்றவேண்டும் என்பதோடு, மோதுவதற்கு முன்பே தடையை உணரும் தனிக் கருவியும் கொண்டிருக்கவேண்டும். அந்தத் தேதிக்கு முற்பட்ட யந்திரம் எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடவேண்டியதே; இதில் சிக்கனத்துக்கு இடமில்லை. முதல் நிபந்தனையை வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒன்றரை அங்குலக் கனமுள்ள மரக்கட்டையைக் கதவின் பாதையில் படுக்கவைத்து மூடினால், கட்டையைத் தொட்டதும் கதவு மேலே திரும்பவேண்டும்.

தடையை முன்னதாக உணரும் கருவி பெரும்பாலும் ஒளிக்கண்தான். தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேற்படாத உயரத்தில், கதவின் ஒருபுறம் கட்புலனாகாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பும் சிறு விளக்கும், எதிர்ப்புறம் அதைப் பெறும் கண்ணும் அமைந்திருக்கும். ஒளிக்கதிர் தடைப்பட்டால் இறங்கும் கதவு திரும்பும். விளக்கு சீராக எரிவதில்லை, குறித்த வேகத்தில் விட்டுவிட்டு மின்னுகிறது. அந்தத் துடிப்பைத்தான் கண் தேடுகிறது. துடிப்பற்ற சூரிய ஒளியை இதனாலேயே அது பொருட்படுத்துவதில்லை. ஆனால் மாலைவெயில் நேராகவே கண்ணுக்குள் விழுந்தால், அந்தப் பிரகாசத்தில் துடிப்பு மூழ்கிப்போகும். மாலையில் மட்டும் கதவு மூட மறுக்கிறதென்று புகார் வருகிற வீடுகளில், கண்ணையும் விளக்கையும் இடம் மாற்றிக் கண்ணை நிழற்பக்கத்தில் வைத்தாலே வியாதி குணமாகிவிடும். கவனிக்கவேண்டிய நுட்பம் இன்னொன்று: 'தடை இருக்கிறது' என்று சொல்லும் செய்தியை யந்திரம் எதிர்பார்ப்பதில்லை, 'தடை இல்லை' என்ற செய்தி இடைவிடாமல் வந்துகொண்டிருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறது. கம்பி அறுந்தாலும், எலி கடித்தாலும், கண்ணாடியில் சிலந்தி வலை படிந்தாலும் மௌனமே விளையும். மௌனத்தை அபாயமாகவே அது கொள்ளும்.

இனி, யார் சொன்னால் கேட்பது என்ற விவேகம். ரிமோட் என்று நாம் சொல்லும் கைக்கருவி வானொலி அலையில் ஒரு சங்கேதத்தை அனுப்புகிறது. முன்னாளில் அதனுள்ளே வரிசையாகச் சிறு பொத்தான்கள் இருக்கும், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை. ஒவ்வொன்றையும் மேலோ கீழோ தள்ளிவைத்து, யந்திரத்திலும் அதே அமைப்பை வைத்துவிட்டால், அதுவே சாவி. என்றும் மாறாத இதை நிலைக்குறி எனலாம். பன்னிரண்டு பொத்தான்களில் 4,096 சாவிகள் உண்டாகும்; திருடன் ஒவ்வொன்றாக முயன்றால் அலுத்துப்போவான் என்று எல்லாரும் நம்பியிருந்தனர். 2015-இல் ஸாமி கம்கார் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர், சிறுமிகள் ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பி விளையாடுவதற்காக மாட்டெல் நிறுவனம் விற்றுப் பின்பு கைவிட்ட ஒரு பொம்மையை எடுத்து, சற்றே மாற்றி, இத்தகைய கதவுகளை ஏறக்குறைய எட்டு விநாடியில் திறக்கக்கூடும் என்று காட்டினார். சாவிகளை ஒவ்வொன்றாக, வழக்கம்போல் ஐந்து தடவை இடைவெளிவிட்டு அனுப்பினால் அரைமணி நேரம் பிடிக்கும். அரைமணி எப்படி எட்டு விநாடியாயிற்று?

பழைய யந்திரங்கள் செய்த ஒரு தவறுதான் காரணம். ஒரு சாவி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை அவை கவனிப்பதில்லை. வந்துகொண்டிருக்கும் குறிகளில் கடைசிப் பன்னிரண்டை மட்டும் எப்போதும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மூன்று குறிகள் கொண்ட சிறிய சாவியை எடுத்துக்கொள்வோம். பூஜ்யமும் ஒன்றும் கொண்டு எட்டுச் சாவிகள் அமைக்கலாம், அடுத்தடுத்து எழுதினால் 24 குறிகள். ஆனால் 0001011100 என்ற பத்தே குறிகளை எழுதி, இடமிருந்து மும்மூன்றாக, ஒவ்வோர் இடம் நகர்ந்து படித்துப் பாருங்கள்: எட்டுச் சாவிகளும் ஒவ்வொரு தடவை வந்துவிடும். ஒரு சாவியின் வால் அடுத்த சாவியின் தலையாகிவிடுகிறது. இவ்வகை வரிசையை 1946-இல் விரிவாக ஆராய்ந்த டச்சுக் கணித அறிஞர் டி ப்ரைன் பெயரால் வழங்குகிறோம். வடமொழி யாப்பு பயின்றவர்களுக்கு இது புதுமையன்று. லகுவும் குருவும் மும்மூன்றாகச் சேர்ந்த எட்டுக் கணங்களையும் நினைவில் இருத்துவதற்காக அவர்கள் மனப்பாடம் செய்யும் 'யமாதாராஜபானஸலகாம்' என்ற பத்தசைச் சொல், குறிலை ஒன்றென்றும் நெடிலைப் பூஜ்யமென்றும் கொண்டால், இதே ரகத்தைச் சேர்ந்த வரிசைதான். பன்னிரண்டு குறிச் சாவிகளுக்கு, 49,152 குறிகளின் இடத்தில் 4,107 குறிகள் போதும். இடைவெளியும் மறுபதிப்பும் வேண்டாம். செய்யுளைக் கற்பிக்கப் பிறந்த உபாயம் பூட்டையும் திறக்கும் என்று எந்த இலக்கண ஆசிரியரும் கனவு கண்டிருக்கமாட்டார்.

நிலைக்குறிக்கு மாற்றாக 1990-களில் பரவியது உருள்குறி. ரிமோட்டிலும் யந்திரத்திலும் ஒரே ரகசிய எண்ணும், ஒரே எண்ணிக்கையும் இருக்கின்றன. பொத்தானை அழுத்துந்தோறும் எண்ணிக்கை முன்னேற, அதை ரகசிய எண்ணோடு கலந்து உருத்தெரியாமல் மாற்றி ரிமோட் அனுப்புகிறது. யந்திரம் அதைப் பிரித்து, தன்னிடமுள்ள எண்ணிக்கையைவிட முன்னேறியிருந்தால் மட்டும் கீழ்ப்படிகிறது. தெருவில் மறைந்து நின்று ஒரு குறியைப் பதிவு செய்து பிறகு அனுப்பினால், அது கடந்துபோன எண், பயனில்லை. ஆனால் குழந்தை ஒன்று கடைவீதியில் ரிமோட்டைச் சும்மா அழுத்தி விளையாடினால் என்செய்வது? அதற்காகவே யந்திரம் சில எண்கள் முன்வரை சலுகை தருகிறது. அதற்கும் அப்பால் போயிருந்தால், அடுத்தடுத்து வரும் இரண்டு குறிகளைக் கேட்டுத் தன் கணக்கைத் திருத்திக்கொள்கிறது.

இந்த ரகசியமும் அபேத்தியமன்று. தென்னாப்பிரிக்காவில் 1980-களில் உருவாகி, கராஜ் கதவுகளிலும் கார்களிலும் பெருவழக்காகப் புகுந்த கீலாக் என்னும் முறையை, ஜெர்மனியின் போக்கும் பல்கலைக்கழகத்தார் 2008-இல் உடைத்துக் காட்டினார்கள். சூத்திரத்தை நேருக்குநேர் தாக்காமல், கணக்குப் போடும்போது கருவிக்குள் இருக்கும் சில்லு இழுக்கும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வுகளை அளந்தே அவர்கள் உள்ளிருந்த ரகசிய எண்ணைப் படித்துவிட்டனர். முற்கூறிய கம்காரோ, 2015-இலேயே இன்னொரு கருவியையும் செய்துகாட்டினார்: வீட்டுக்காரர் அழுத்தும் முதற்குறியை இரைச்சலால் மறித்துத் தான் பதிவு செய்துகொள்ளும், கதவு திறக்கவில்லையே என்று அவர் மறுபடி அழுத்த, அதையும் மறித்துப் பிடித்துக்கொண்டு, முதலாவதை அனுப்பிக் கதவைத் திறந்துவிடும், பயன்படாத இரண்டாம் குறி அதன் கையில் எஞ்சும். எண்ணிக்கையோடு நேரத்தையும் கலந்து, சற்றுநேரத்தில் காலாவதியாகும் குறிகளே இதற்குப் பரிகாரம்.

அலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ரிமோட்டுகள் உரிமம் வேண்டாத குறைந்த சக்தியில் இயங்குவதால், பிறரால் வரும் இடையூறைப் பொறுத்துக்கொள்ளவேண்டும் என்பது அமெரிக்க வானொலிச் சட்டம். பல யந்திரங்கள் வெகுகாலமாக 390 மெகாஹெர்ட்ஸில் பேசிவந்தன. அந்த வட்டாரமோ உண்மையில் ராணுவத்துக்குரியது. 2004-இல் ப்ளோரிடாவின் எக்லின் விமானப்படைத் தளத்தில் புதிய வானொலிகளைப் பரீட்சித்தபோது, சுற்றுப்புற ஊர்களில் கராஜ் கதவுகள் திறக்க மறுத்தன. ராணுவம் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. அதன் பெருங்குரலில் ரிமோட்டின் முணுமுணுப்பு கேட்கவில்லை, அவ்வளவே. இப்போதைய யந்திரங்கள் 310, 315, 390 என்று மூன்று இடங்களிலும் மாறிமாறிப் பேசுவது இந்த அனுபவத்தின் பலன். இடையூறு செய்வது எப்போதும் ராணுவமாக இருக்கவேண்டும் என்பதுமில்லை. யந்திரத்திலேயே மாட்டிய மலிவான எல்.ஈ.டி. பல்பு, தன் உள்மின்சுற்றால் இரைச்சலைக் கிளப்பி, தெருமுனையிலிருந்து திறந்துகொண்டிருந்த கதவை வாசலுக்கு வந்தால்தான் திறக்கும்படி செய்துவிடும். பல்பைக் கழற்றிப் பார்ப்பதே பரீட்சை.

ரிமோட் தொலைந்துபோனால் அதே நிறுவனத்தின் ரிமோட்டைத்தான் வாங்கவேண்டுமா என்ற கேள்வி நியாயஸ்தலம்வரை போயிற்று. ஸ்கைலிங்க் என்ற கனேடிய நிறுவனம், மேற்சொன்ன கணக்குத் திருத்தும் வழியையே பயன்படுத்தி, உருள்குறியைக் கணக்கிடாமலே, சேம்பர்லெயின் என்ற நிறுவனம் செய்யும் கதவு யந்திரங்களைத் திறக்கும் பொது ரிமோட் ஒன்றை விற்றது. பதிப்புரிமை பற்றிய 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிச் சேம்பர்லெயின் தொடுத்த வழக்கை 2004 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. யந்திரத்தை விலைகொடுத்து வாங்கியவருக்கு அதனுள் இருக்கும் நிரலைப் பயன்படுத்தும் உரிமையும் உண்டு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

யந்திரத்தின் முதுகில் 'கற்றுக்கொள்' என்ற பொருள்பட ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டு ரிமோட்டை அழுத்தினால், அந்த ரிமோட்டை யந்திரம் அறிந்துகொள்ளும். சேம்பர்லெயின் குடும்பத்து யந்திரங்களில் பொத்தானின் நிறமே தலைமுறையைச் சொல்லும்: பச்சையானால் 1990-களின் நிலைக்குறி, ஊதாவானால் 315 மெகாஹெர்ட்ஸ் உருள்குறி, மஞ்சளானால் 2011 முதல் வந்த மூன்று அலைவரிசை முறை. பச்சைக்காரர்கள் மாற்றுவதைத் தாமதிக்காதிருப்பது நல்லது. அதே பொத்தானை ஆறு விநாடிபோல அழுத்திப் பிடித்தால், அறிந்த ரிமோட்டுகள் அத்தனையையும் யந்திரம் மறந்துவிடும். பழைய வீட்டை வாங்கிக் குடிபுகுகிறவர்கள் வாசற்பூட்டை மாற்றுகிறார்கள், இதைச் செய்வதில்லை. முந்திய சொந்தக்காரரின் ரிமோட்டும், அவர் யார் யாருக்கோ கொடுத்தவையும் அப்படியே செல்லுபடியாகிக்கொண்டிருக்கும். காரின் கண்ணாடிக்கு அருகிலேயே கதவு திறக்கும் பொத்தான் பதித்து வரும் வண்டிகளை விற்கும்போதும் அந்த நினைவை அழித்துவிட்டே கொடுக்கவேண்டும். வண்டிப் பத்திரத்தில் பழைய விலாசமும் இருக்கும்.